சாயம் போன கொண்டைக்குருவி

எனக்குக் காசநோய் வந்து குணமானதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. சொன்னவுடன் எதிரே நிற்பவர் அரை அடி பின்வாங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "எல்லாம் சரியாப் போச்சு, ஒட்டிக்கிடாது, கிட்ட வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பேன். எங்கள் ராஜபாளையத்தில் இந்த நோயை அதன் பெயரால் சொல்கிறவர்கள் குறைவு. நெஞ்சுச்சளி என்பார்கள், ரத்தக்குறைவு என்பார்கள், மேலுக்குச் சுகமில்லை என்பார்கள். இப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், புதிதாக நோய் வருகிறவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், எது வலிக்கும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல ஆள் ஏது? அதனால் நான் எழுதுகிறேன். இதில் பாதிக்குப் பாதி குருவிகளைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்தக் குருவிகள் இல்லாவிட்டால் என் கண் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பாதி. ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் போதும், அடுக்கிலிருந்து சரியான துண்டை உருவி எடுத்துப் போடுவேன். மாம்பழ மஞ்சள் வேறு, எலுமிச்சை மஞ்சள் வேறு, சாமந்தி மஞ்சள் வேறு. அரக்கு வேறு, மாதுளை வேறு, குங்குமம் வேறு. "ராணியக்கா எடுத்துக் குடுத்தா மாத்த வேண்டி வராது" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் முடிவு செய்ய மாட்டோம். சேலையையும் துண்டையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்ப்போம். வாசலில் பொருந்தினால்தான் பொருத்தம். பொருந்தாவிட்டால் துணியைக் குறை சொல்வோம், சாயத்தைக் குறை சொல்வோம், சாயம் போட்டவனையும் சேர்த்துத் திட்டுவோம். கண்ணைக் குறை சொல்லும் வழக்கம் மட்டும் எங்களுக்குக் கிடையாது.

ஆவணி மாதத்தில் இடது விலாவில் ஒரு குத்து ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் குத்தும். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று காயும், விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். சோறு பிடிக்கவில்லை. என் ரவிக்கைகளெல்லாம் தோளில் தொங்க ஆரம்பித்தன. என் கணவர் தர்மர் பஞ்சாலையில் பிட்டர். மிஷின் சத்தம் லேசாக மாறினாலே நிறுத்திப் பார்க்கிற மனுஷர், பெண்டாட்டியின் இருமல் மாறினால் விடுவாரா.

"நாளைக்கு நீ கடைக்குப் போகல. என்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வார" என்றார். வழக்கமாக இதற்கு நான் நாலு வார்த்தை பதில் பேசுவேன். அன்று பேச மூச்சில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஊருக்குச் சற்று வெளியே, பின்பக்கம் வயலும் அதற்கப்பால் மலையுமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களின் வியாதிகளையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஒல்லியானவர், படபடவென்று பேசுகிறவர், ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. மறுபக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய உறை இருக்கும்மா. அதுக்கு நடுவுல தண்ணி சேர்ந்திருக்கு. நுரையீரல் விரிய எடமில்ல, அதான் மூச்சு வாங்குது."

அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆகையால் விளக்கமாகச் சொல்கிறேன். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார வேண்டும். முதுகில் மரத்துப்போக ஓர் ஊசி போடுவார்கள், அது வலிக்கும். அதன் பிறகு போடுகிற பெரிய ஊசி, யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். எடுத்த நீரைக் கண்ணாடிச் சீசாவில் காட்டினார்கள். "எலுமிச்சை மஞ்சள்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா சீசாவைக் கீழே போட்டுவிடுவதுபோல் சிரித்தார்.

பரிசோதனை முடிவு காசநோய் என்று வந்தது. என் சளியில் கிருமி இல்லை, அதனால் என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள், நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அழுதேன். தர்மர் எக்ஸ்ரே உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வாரவன் வரட்டும், போறவன் போகட்டும். மொதல்ல நீ இருக்கணும்" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான வசனம் அது.

தினமும் இடுப்பில் ஓர் ஊசி. அதோடு மூன்று வகை மாத்திரைகள். ஊசி போட்டால் கொஞ்சம் தலை சுற்றும், காதில் ஒரு வண்டு ரீங்காரமிடும். ஒரு மாத்திரையால் சிறுநீர் கனகாம்பரப் பூ நிறத்தில் போகும். ரத்தம்தான் போகிறது என்று முதல் நாள் நான் கூச்சலிட்டு ஊரைக் கூட்டினேன். அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இன்னொரு மாத்திரையைக் காட்டி டாக்டரம்மா, "இது ரொம்ப அபூர்வமா சிலருக்குக் கண் நரம்பைத் தொந்தரவு பண்ணும். எழுத்து மங்கினாலோ, நெறம் மாறித் தெரிஞ்சாலோ அன்னைக்கே சொல்லணும்" என்றார். நிறத்தைப் பற்றி என்னிடம் வந்து பாடம் சொல்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை வார்டுக்கு வரும்போதும் கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார். சுவரில் தொங்கிய காலண்டரின் பொடி எழுத்தை நான் மடமடவென்று வாசித்துக் காட்டுவேன்.

எங்கள் வீடு பஞ்சாலையை ஒட்டி இருந்தது. பஞ்சுத்தூசியில் இருமிக்கொண்டு தினம் பஸ் ஏறி ஊசிக்கு வர வேண்டாம், ஊசி முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று தர்மர் முடிவு செய்துவிட்டார். ஷிப்ட் முடிந்ததும் தூக்குச்சட்டியில் நெஞ்செலும்புச் சூப்பும் அவித்த முட்டையுமாக வந்து நிற்பார். சமையல் மகளுடையது. உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இருக்கும். எம்புட்டு செலவாச்சு என்று நான் கேட்டால், "முட்டையைத் தின்னு" என்பார்.

பெண்கள் நெஞ்சுநோய் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் ரகுமத்தக்கா. ராஜபாளையத்தில் அவருடைய வீட்டுக்காரர் பலசரக்குக்கடை வைத்திருந்தார். அக்காவுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா. மூச்சு விடுவதற்குக் கஷ்டப்பட்டாலும் பேசுவதற்கு ஒருநாளும் கஷ்டப்பட்டதில்லை. காலையும் மாலையும் எங்களைக் காற்றாட வெளியே உட்காரச் சொல்வார்கள். பின்பக்கம் ஒரு புங்கமரம், அதன் கீழே சிமெண்டுப் பெஞ்சு, எதிரே ஒரு கொய்யா, எப்போதும் சொட்டுகிற ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடிதான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் குருவிகளுக்கெல்லாம் சந்தை.

அதுவரை எனக்குக் காக்கை, மைனா, கிளி தெரியும். மீதியெல்லாம் 'குருவி'. உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் அடையாளம் கண்டது தவிட்டுக்குருவிகளை. கூட்டமாகத் தரையில் தத்தி வரும், குப்பையைக் கிளறும், எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். சண்டை போடுகின்றனவா, யோசனை கேட்கின்றனவா என்று கடைசிவரை தெரியாது. ஆடித் தள்ளுபடியில் எங்கள் கடை அப்படித்தான் இருக்கும்.

அடுத்து மின்கம்பியில் கறுப்பாக உட்கார்ந்து, பிளந்த வாலைத் தொங்கவிட்டிருந்த ஒன்று.

"அந்தா பாரு, ரெட்டவால் குருவி" என்றார் ரகுமத்தக்கா.

"அது கரிச்சான்லா. நான் பொறந்த மகாராஜபுரத்துல கரிச்சான்னுதான் சொல்லுவோம்."

"நான் சோழபுரத்துல பொறந்தவ. ரெட்டவால் குருவின்னுதான் கேட்டு வளந்தேன்."

"ரெண்டு ஊருல எது பெரிசு?"

"ஏட்டி ராணி, அது ஒங்க ஊருக்கு மேல பறக்கையில கரிச்சானா இருந்துக்கிடட்டும். இந்தக் கம்பியில ஒக்காந்திருக்கிற வரைக்கும் ரெட்டவால்." அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

குழாயடிக்குத் தவறாமல் வருகிறவை கொண்டைக்குருவிகள். உடம்பு சாம்பலும் பழுப்பும், தலை கறுப்பு, அதன்மேல் சின்னக் கொண்டை. பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் வாலுக்கு அடியில் பளிச்சென்று ஒரு சிவப்பு. நான் பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன், அது குங்குமச் சிவப்பு, அரக்கு சேராதது. சாம்பல் நிறச் சேலைக்கு அந்தச் சிவப்பில் ரவிக்கை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று வருகிற நர்ஸம்மாக்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு நர்ஸம்மா போட்டுக்கொண்டும் வந்தார். கொய்யாவில் இலைகளை மடித்து ஓரம் தைத்த ஒரு பழைய கூடு இருந்தது, தையல்சிட்டுக் கட்டியது. இழுத்துப் பார்த்தேன். தையல் இடைவெளி சீராக இல்லை, ஆனால் பிரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு புது ஆட்களும் வந்தார்கள். ஒருநாள் ஈரத்தரையில் மெலிந்த குருவி ஒன்று விறுவிறுவென்று நடந்து வாலை மேலும் கீழும் ஆட்டியது. வாலாட்டிக்குருவி. அதற்கு முந்தின நாள்வரை அது அங்கே இல்லை. குளிர்காலத்துக்கு வடக்கே எங்கிருந்தோ வரும் என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு புங்கமரத்தடியில், சருகுக்குள், ஆறுமணிக்குருவி. பொழுது விடியும்போதும் அடையும்போதும், எங்களுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேளையில், இரண்டே சுரத்தில் விசிலடிக்கும். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சத்தத்தை மட்டும் கேட்டேன். பார்த்த அன்று எழுந்து நின்றுவிட்டேன். முதுகு பச்சை, நெஞ்சு சந்தனம், இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தை ஒரே துணியில் போட்டால் கண் கூசும். அதன்மேல் கூசவில்லை.

இப்படியாக எங்களுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று எங்களுக்குத் தெரியும் அல்லவா. கார்த்திகையில் மஞ்சளாக ஒரு மாங்குயில் வந்தபோது, "வெளியூர்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இதற்கிடையில் காய்ச்சல் நின்றிருந்தது. சோறு இறங்கியது. புது எக்ஸ்ரேயில் வெள்ளை பாதியாகக் குறைந்திருந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியதைப் பார்த்து தர்மர் ஒரு முட்டையைக் கூட்டினார்.

மார்கழியில் கடையிலிருந்து வேலை வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு பட்டுச்சேலைக்கு ராணியக்காதான் ரவிக்கை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்களாம். கடை முதலாளி அண்ணாச்சி சேலையின் ஓரத்துத் துணுக்கையும் ஒரு கட்டு மாதிரித் துண்டுகளையும் தர்மரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கட்டிலில் பரப்பிப் போட்டு, பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் தர்மர் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அந்தத் துண்டை மடியிலிருந்து எடுத்தார்.

"அண்ணாச்சி திருப்பிக் குடுத்துட்டாரு."

"எதுக்காம்?"

"சேலை அரக்குச் செவப்பாம். நீ காப்பிக்கொட்டைக் கலரு எடுத்துக் குடுத்திருக்கியாம்."

எனக்கு வந்த கோபத்தில் விலா மறுபடியும் வலித்தது. "அவிய டியூப்லைட்டுல வச்சுப் பாத்திருப்பாவ. வாசல்ல கொண்டு போயிப் பாக்கச் சொல்லுங்க" என்று கத்தினேன். தர்மர் சேலைத் துணுக்கையும் மடியிலிருந்து எடுத்தார். துண்டுகளை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஆறிப்போவதாகச் சொல்லி சூப்பை ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டொரு நாளில் குழாயடியில் ஒரு புதிய குருவியைக் கண்டேன். கொண்டை இருந்தது, கறுப்புத் தலை இருந்தது, ஆனால் வாலுக்கு அடியில் சிவப்பு இல்லை, மங்கலான ஒரு பழுப்பு. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"அக்கா, இங்க பாருங்க. வெளியூர்க் கொண்டைக்குருவி வந்திருக்கு. சாயம் போன மாதிரி இருக்கு பாருங்க. வடக்க அம்புட்டு வெயிலு போல."

ரகுமத்தக்கா பார்த்தார். "எங்க?"

"இந்தா, குழாய்க்குக் கீழ. ரெண்டு."

"அது நம்ம கொண்டைக்குருவிதான. செவப்பாத்தான இருக்கு."

"செவப்பா? பழுப்புக்கா. நல்லாப் பாருங்க."

"ஏட்டி, நான் ரவிக்கைத் துணி விக்கல. ஆனா செவப்பு தெரியும்."

தெரியாது என்றேன் நான். ஒரு மாமாங்கமாக நிறத்தோடு பழகியவள் நான், மிளகாய்வத்தல் மூட்டையைத் தவிர வேறு சிவப்பை அறியாதவர் நீங்கள் என்றேன். அக்கா அதற்கும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரகுமத்தக்கா பேசாமல் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

எழுந்து போய்த் தலையணைக்கு அடியில் இருந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தேன். அக்கா இழுத்த மூச்சோடு பின்னாலேயே வந்தார். வாசலில் நல்ல வெயில். பட்டுச் சேலைத் துணுக்கின்மேல் நான் தேர்ந்தெடுத்த துண்டைப் போட்டேன். பொருந்தியது. கொஞ்சமும் பிசிறில்லாமல் பொருந்தியது.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லம்மா," என்றார் மெதுவாக. "இது செவப்பு. அது காப்பி."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆறுமணிக்குருவியின் வயிறு கொஞ்ச நாளாக மங்கியிருந்தது, மழையில் நனைந்ததால் என்று நினைத்திருந்தேன். சிறுநீரின் கனகாம்பர நிறம் வெறும் மஞ்சளாகப் போயிருந்தது, மாத்திரை வீரியம் குறைந்த சரக்கு என்று நினைத்திருந்தேன். நர்ஸம்மாவின் குங்குமப்பொட்டு நாளுக்கு நாள் அழுக்காகத் தெரிந்தது, மலிவான குங்குமம் என்று நினைத்திருந்தேன். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் கண்ணைத் தவிர.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இழுத்தேன். டாக்டரம்மா எச்சரித்திருந்த அந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் நெஞ்சில் மறுபடியும் நீர் கோத்துக்கொள்ளுமே என்ற பயம். ரகுமத்தக்கா கேட்கவில்லை. என் கையைப் பிடித்து டாக்டரம்மா அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "இவளுக்குக் கொண்டைக்குருவியோட செவப்பு தெரியல, என்னன்னு பாருங்க" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். புள்ளிப் புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். எனக்கு வெறும் புள்ளிகள்தான். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், வலிக்காது, கூசும். பிறகு டாக்டரம்மா விளங்கும்படி சொன்னார். "கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு, வயர் மாதிரி. இந்த மாத்திரை அதைத் தொட்டிருக்கு. சிலருக்குச் செவப்பும் பச்சையும்தான் மொதல்ல போகும், எழுத்தெல்லாம் தெரியும். மாத்திரையை இப்பவே நிறுத்திடுறேன். மத்த மருந்து உங்க நெஞ்சைப் பாத்துக்கும்."

"நெறம் திரும்பி வருமா, டாக்டரம்மா?"

"பெரும்பாலும் வந்துடும். மாசக்கணக்காகும். வந்தே தீரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வையே கொறைஞ்சிருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டீங்க."

அன்று தர்மர் வந்தபோது சொன்னேன். நிறம் தெரியாதவளை எந்த ஜவுளிக்கடையில் வைத்துக்கொள்வார்கள் என்று அழுதேன். எனக்குப் படிப்பு எட்டாவது. இந்தக் கண் ஒன்றுதான் என் சம்பாத்தியம், என் கெட்டிக்காரத்தனம் எல்லாம். தர்மர் என் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தை நறுக்கிக்கொண்டே இருந்தார். வார்டு முழுவதற்கும் கொடுக்கிற அளவு நறுக்கிவிட்டார்.

நாலைந்து நாள் வெளியே போகவில்லை. ரகுமத்தக்கா என்னை அப்படியே விடவில்லை. "நெறம் போனா குருவி போயிருச்சா? வா வெளிய" என்று இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். சும்மா இருக்க முடியாமல் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அதுவரை நான் குருவிகளைப் பார்க்கவே இல்லை, அவற்றின் சேலையைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது நடையைப் பார்த்தேன். மைனா நடக்கும், தவிட்டுக்குருவி தத்தும், வாலாட்டி ஓடும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். மரங்கொத்தி பறக்கும்போது அலைபோல ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிற போட்டியில் ரகுமத்தக்காவை மூன்று நாள் தொடர்ந்து தோற்கடித்தேன். அக்கா நான்காம் நாள் இழுப்பு என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். அது பொய் இழுப்பு.

தை பிறந்ததும் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தேன். மாத்திரைகள் மட்டும் தொடர்ந்தன. அண்ணாச்சி நல்லவர், என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் வேட்டிப் பிரிவுக்கு மாற்றினார். "வெள்ளையில தப்பு வராதுல்லம்மா" என்றார். வெள்ளையிலும் எத்தனையோ வெள்ளை உண்டு என்று அவருக்கு யார் சொல்வது. வேட்டிகளை மடித்து வைத்தேன். ரவிக்கைப் பிரிவில் எனக்குப் பதிலாக நின்ற பெண் தவறான துண்டை எடுத்துப் போடுகிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, அதுதான் பெரிய வேதனை.

மாசியில் சோழபுரத்துப் பக்கம் சோளக்காட்டில் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ரகுமத்தக்கா அதைக் காட்டவென்றே எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வானம் மடங்கி விரிவதுபோல் ஆயிரமாயிரமாகத் திரும்பின. உடம்பு ரோஜா நிறம் என்று அக்கா சொன்னார். எனக்கு அழுக்கு வெள்ளை. பரவாயில்லை, திரும்புகிற அழகு தெரிந்தது.

பங்குனியில் ஏதோ மாறுவதுபோல் இருந்தது. கொண்டைக்குருவியின் வாலடி சில நேரம் சிவப்பாகத் தெரிந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது சிவப்பு என்று எனக்குத் தெரியும் அல்லவா. தெரிந்ததை மனது பூசிக் காட்டுகிறதா, கண் உண்மையாகவே பார்க்கிறதா? தர்மர் ஒருநாள் தக்காளிப் பழமும் காயுமாகக் கலந்து தட்டில் வைத்துப் பொறுக்கச் சொன்னார். சரியாகப் பொறுக்கினேன். ஆனால் பழத்துக்கு வாசம் உண்டே. மிளகாயைக் கொடுத்தார், அதற்கும் நெடி உண்டு. எதைக் கொடுத்தாலும் அதன் நிறம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாக நிறங்களோடு வாழ்ந்த பெண்ணை நிறத்தில் சோதிப்பது எப்படி?

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுக்களை ஜன்னலுக்கு வெளியே பப்பாளி மரத்தில் ஒரு பழம் பழுத்திருந்தது. அதைக் கொத்த ஒரு குயில் வந்து உட்கார்ந்தது. காலமெல்லாம் குயிலின் குரலைக் கேட்டிருக்கிறேனே தவிர, அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மேலெல்லாம் மினுமினுக்கும் கறுப்பு, வெளிறிய அலகு. பழத்தைக் கொத்திவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

கையிலிருந்த கரண்டியை மெதுவாக வைத்தேன். பின்பக்கம் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த தர்மரை அடங்கிய குரலில் கூப்பிட்டேன்.

"இங்கேருங்க. சத்தம் போடாம வாங்க."

எண்ணெய்க் கையோடு வந்தார்.

"குயிலுக்குக் கண்ணு என்ன நெறம்?"

"குயிலுக்கா? கறுப்புதான். மேலெல்லாம் கறுப்பு, கண்ணு மட்டும் வேற நெறத்துலயா இருக்கும்?"

"நெனப்புல சொல்லாதிய. பாத்துச் சொல்லுங்க."

என் தோளுக்கு மேலே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். குயில் இன்னொரு வாய் பழத்தை விழுங்கிவிட்டு மறுபடியும் தலையைத் திருப்பியது.  குயிலின் கண் என்ன நிறம் என்று எனக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. நானும் அன்று பார்க்கும்வரை கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏட்டி," என்றார் தர்மர், "செவப்பால்ல இருக்கு. நல்லாப் பழுத்த மாதுளை முத்து கணக்கா இருக்கு."

என் கண்ணுக்கும் மாதுளைதான். குங்குமம் இல்லை, அரக்கு இல்லை, மாதுளை. நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எண்ணெய்க் கையை என்மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.